எலக்ட்ரான் பீம் பாலிஷுக்குத் தனிக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்னதாக ஒரு டூல் ரூம் நடத்துகிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் ஹீல் மோல்டு செய்து தருகிறோம். உள்ளே வளைந்து போகும் கூலிங் வழிகளோடு மரேஜிங் ஸ்டீலில் (மோல்டுக்குப் பயன்படும் உறுதியான எஃகு), மோல்டுக்குள் பொருத்தும் ஒரு இன்சர்ட்டை 3டி பிரிண்ட் செய்து வாங்கப்போகிறேன். பிரிண்ட் போடுகிறவர், "எலக்ட்ரான் பீம் பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி வரும், கையால் தேய்க்கவே வேண்டாம்" என்று தனிக் கட்டணம் சொல்கிறார். கொடுக்கலாமா சார்?

பதில்: முறை நிஜம். "தேய்க்கவே வேண்டாம்" என்பது வியாபாரப் பேச்சு.

லேசரில் பொடியை உருக்கி அடுக்கடுக்காக வளர்த்த உலோகம் சொரசொரப்பாகத்தான் வரும். பக்கச் சுவரில் நகத்தை ஓட்டினால், பாதி உருகி ஒட்டிக்கொண்ட பொடி மணிகள் நெருடும். ஆர்ஏ, அதாவது சராசரிச் சொரசொரப்பு அளவு, சாதாரணமாக 5 முதல் 20 மைக்ரான். பளபளப்பான மோல்டுக்கு அது 1 மைக்ரானுக்கும் கீழே இறங்க வேண்டும். எலக்ட்ரான் பீம், வேக்குவம் அறைக்குள் மைக்ரோ செகண்டுக் கணக்கில் விட்டுவிட்டு அடித்து, மேல்தோலில் சில மைக்ரானை மட்டும் உருக்குகிறது. உருகியது பரப்பு இழுவிசையால் தானே மட்டமாகி, உடனே உறைந்துவிடும். எதையும் சீவுவதில்லை என்பதால் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

சில மைக்ரான் உருகினால் சில மைக்ரான் மேடுபள்ளம்தான் போகும். சாய்வான பரப்பில் விழும் படிக்கட்டு வரிகள் பளபளப்போடு அப்படியே இருக்கும். பளபளப்பில் இன்னும் எடுப்பாகவே தெரியும். கூலிங் வழிக்குள் பீம் நுழையாது. தோலுக்குச் சற்றுக் கீழே காற்றுக்குமிழ் இருந்தால் வாய் திறந்து குழியாகும். ஹார்டன் செய்த (சூடேற்றிக் கடினமாக்கிய) பிறகு பீம் அடித்தால் உருகிய தோல் மட்டும் கடினம் இழக்கும். எது முதலில், எது பிறகு என்று கேட்டு வையுங்கள்.

ஆகவே மில்லிங்கோ கல் வைத்துத் தேய்ப்பதோ முதலில் நடக்கட்டும், பீம் அதற்குப் பிறகு. ஆர்டர் கொடுக்கும் முன், உங்கள் இன்சர்ட்டின் அதே சாய்வில் ஒரு சிறு சாம்பிள் பிரிண்ட் போட்டு, பாதியை மூடிவிட்டு மறுபாதிக்கு மட்டும் பீம் அடித்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் ஆளை மாற்றுங்கள். ஆர்ஏ எவ்வளவு, எந்த இடத்தில், அடுக்குகளுக்குக் குறுக்கே அளந்ததா என்பதெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கட்டும். அடுக்கோடு அளந்தால் கணக்கு அழகாக வரும், அதில் ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது: அந்த ஹீலுக்கு மேலே தோல் சுற்றப் போகிறார்களா? அப்படியென்றால் கண்ணாடிப் பளபளப்பு யார் பார்க்க? பீஸ் மோல்டிலிருந்து சிக்காமல் வெளியே வந்தால் போதும். அதற்கு, பீஸ் வெளிவரும் திசையிலேயே கல் போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. பீம் காசு மிச்சம். பெயின்ட் இல்லாமல் பளபளவென்று அப்படியே மாட்டுகிற ஹீல் என்றால் மட்டும் சாம்பிளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.