சதுரங்க மேட் புதிர்களும் கணினி நிரல்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் எந்த கிராண்ட்மாஸ்டரையும் ஜெயிக்கும். ஆனால் '6 நகர்வில் மேட்' புதிரைக் கொடுத்தால் 9 நகர்வில் மேட் என்று காட்டுகிறதே, ஏன் அண்ணா?

ஆட்டத்தை ஜெயிப்பதுதான் அதன் வேலை. 9 நகர்வில் மேட் என்றாலும் அதற்கு வெற்றிதான். ஆழமாகப் போவதற்காக அது பல கிளைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். செக்கும் இல்லாமல் வெட்டும் இல்லாமல் வரும் அமைதியான நகர்வுகள்தான் அதில் அதிகம் அடிபடும். நல்ல புதிரின் முதல் நகர்வோ பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அமெரிக்கப் புதிர் அமைப்பாளர் சாம் லாய்டின் 1861ஆம் ஆண்டுப் புதிரைப் பாருங்கள். 5 நகர்வில் மேட். தொடக்கம் பி2 சிப்பாயை பி4க்கு நகர்த்துவது. கடைசியில் அதே சிப்பாய் ஏ8இல் பதவி உயர்ந்து மேட் செய்கிறது! இது சின்னப் புதிர், இன்றைய நிரல்கள் சட்டென்று போட்டுவிடும். நகர்வுகள் கூடினால்தான் திணறல்.

இன்னொரு சிக்கல் 'நல் மூவ்'. தன் முறையை விட்டுக்கொடுத்தும் நிலை நன்றாக இருந்தால், அந்தக் கிளையை நிரல் அதற்கு மேல் தோண்டாது. சுக்ஸ்வாங் புதிரிலோ, நகர்ந்தே ஆக வேண்டும் என்பதால்தான் கருப்பு மாட்டுகிறது. அங்கே இந்தக் கணக்கு தப்பும்.

கேள்வி: அப்போ எதைப் பயன்படுத்துவது?

பாப்பை (Popeye) என்ற புதிர் தீர்க்கும் நிரலை. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. எதையும் விடாமல் தேடும். அதனால் '4 நகர்வில் மேட் இல்லை' என்று அது சொன்னால், இல்லவே இல்லை. அதற்கு விலை நேரம். ஒவ்வொரு முறையும் 30 நகர்வு சாத்தியம் என்று வைத்தால், புதிரில் ஒரு நகர்வு கூடும்போது தேட வேண்டியது 900 மடங்காகும். கருப்பின் பதில்கள் அத்தனையையும் பார்த்தாக வேண்டும் என்றாலும், வெள்ளைக்கு ஒரு நல்ல நகர்வு கிடைத்தால் போதும் என்பதால் நிஜத்தில் சுமை குறையும். ஆனாலும் நீண்ட புதிர்களுக்குப் பொறுமை வேண்டும். நேரடி மேட்டுக்கென்றே (வெள்ளை கருப்பை மேட் செய்யும் வழக்கமான புதிர்) எழுதப்பட்ட செஸ்ட், குஸ்தாவ் ஆகிய நிரல்களையும் முயன்று பாருங்கள்.

கேள்வி: ஸ்டாக்ஃபிஷையே வைத்துச் சமாளிக்க முடியாதா?

முடியும். ஹேஷ் நினைவகத்தை (ஏற்கெனவே பார்த்த நிலைகளை நிரல் சேமிக்கும் இடம்) கூட்டி, 'கோ மேட் 6' என்று கட்டளை கொடுங்கள். மேட் கிடைத்தால் நம்பலாம். கிடைக்காவிட்டால் மேட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஹெல்ப்மேட் (இரு தரப்பும் சேர்ந்து கருப்பை மேட் ஆக்குவது), செல்ஃப்மேட் (வெள்ளை தன்னையே மேட் செய்யும்படி கருப்பைக் கட்டாயப்படுத்துவது) என்றால் நேரே பாப்பைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: 7 காய்களே உள்ள புதிருக்கு டேபிள்பேஸ் போதுமா சார்?

டேபிள்பேஸ் என்பது சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தொகுப்பு. எந்த டேபிள்பேஸ் என்பதைப் பொறுத்தது. சிசிஜி வெற்றியா டிராவா என்று தவறாமல் சொல்லும், ஆனால் மிகக் குறைந்த நகர்வில் மேட் எது என்று சொல்லாது. அது வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரையுள்ள தூரத்தைத்தான் வைத்திருக்கிறது. மேட் வரையுள்ள தூரம் வேண்டுமென்றால் 6 காய் வரை நலிமோவ், 7 காய்க்கு லொமொனோசொவ்.

கேள்வி: நானே 3 நகர்வுப் புதிர் ஒன்று அமைத்திருக்கிறேன். எப்படிச் சோதிப்பது?

முதலில் வாழ்த்துகள்! பாப்பையில் போட்டு எல்லாத் தீர்வுகளையும் கேளுங்கள். நீங்கள் நினைக்காத இன்னொரு தொடக்க நகர்வும் தீர்வாக வந்தால் புதிர் உடைந்தது. சில சமயம் ஓரத்தில் ஒரு சிப்பாயைச் சேர்த்தாலே சரியாகிவிடும். அப்புறம், ராஜாவும் யானையும் தொடக்கக் கட்டங்களில் நின்றால் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யலாம் என்பதே புதிர் மரபு. செய்ய முடியாது என்று நிரூபித்தால்தான் விலக்கு. ஆன்பசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் சிப்பாயால் வெட்டுவது) இதற்கு நேர் எதிர்: எதிராளியின் கடைசி நகர்வு அந்த இரட்டை அடிதான் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே செல்லும். நிலையை உள்ளிடும்போது இந்த இரண்டையும் கவனித்துக் கொடுங்கள்.