ரைவல்: ஒரே மடைக்காரர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். இந்த வாரம் எல்லாமே 'ரைவல்'.

பிளஸ் டூ மாணவர்: மாஷே, 'ரைவல்' என்றால் எதிரி என்று எழுதினேன். மார்க் போடவில்லை.

எதிரிக்கு 'எனிமி' இருக்கிறதே, தம்பி. லத்தீனில் 'அமிகுஸ்' நண்பன். நண்பன் அல்லாதவன் 'இனிமிகுஸ்'. எனிமி அந்த வழி வந்தது.

ரைவலின் வேர் 'ரிவுஸ்'. ஓடை, வாய்க்கால் என்று பொருள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுபவன் 'ரிவாலிஸ்'. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பிலும், தண்ணீர்த் தகராறு வரும் இடத்தில் இந்தப் பொருளில்தான் நிற்கிறது. ஆனால் அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, ஒரே பெண்ணை விரும்பும் இருவருக்கும் ரோமானிய நாடகக்காரர்கள் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். குறும்புக்காரர்கள்!

எங்கள் அப்பாவின் தண்ணீர் முறை ராத்திரியில் வந்தால், மடைமேலேயே சாக்கை விரித்துப் படுப்பார். கொஞ்சம் கண் அசந்தால் போதும், பக்கத்து வயல்காரர் மண்வெட்டியால் ஒரே வெட்டு; தண்ணீர் அந்தப் பக்கம். மறுநாள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். எதிரி என்றால் குடிப்பார்களா?

தென்னை விவசாயி: அப்படியானால் நம்ம சித்தூரும் பொள்ளாச்சியும்?

அசல் ரிவாலிஸ். கேரளமும் தமிழ்நாடும் 1970-இல் எழுதிய பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்தில் இருக்கும் நமக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். மீதியை நீங்களே பேசுவீர்கள்.

அவரே: தமிழில் இதற்குச் சொல் உண்டா?

பங்காளி! பங்கு உள்ளவனும் அவன்தான், சண்டைக்காரனும் அவன்தான். 'போட்டியாளர்' என்று அகராதி சொல்வது எனக்கு ருசிக்கவில்லை. 'பங்காளிக் காய்ச்சல்' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கால் வாசனையே வரும்.

ஆசிரியை: ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' தொடக்கத்தில் காவலுக்கு உடன் வருபவர்களை 'ரைவல்ஸ்' என்கிறார்களே, அச்சுப்பிழையா சார்?

இல்லை டீச்சர். அங்கே கூட்டாளி என்றுதான் பொருள். பிறகு பங்கு போய்ச் சண்டை மட்டும் தங்கிவிட்டது.

மாணவர்: அப்போ 'ரிவர்' இதே வேர்தானே?

அங்கேதான் எல்லோரும் வழுக்குவோம். ரிவர் வந்தது 'ரிபா'விலிருந்து, அது கரை. 'அரைவ்' கூட அதே குடும்பம், கரை சேர்வது. 'ரிவுஸ்' பக்கம் நிற்பது 'டெரைவ்': வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புவது. கணக்கு சார் ஃபார்முலாவை டெரைவ் பண்ணச் சொன்னால், மண்வெட்டியோடு போ.