நாற்ற மாதிரி: நீர்த்தல் விகிதத்தைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: ஜவ்வரிசி ஆலைப் புகைபோக்கியில் நாற்ற மாதிரி எடுக்கும்போது, நைட்ரஜன் கலந்து பத்து மடங்கு நீர்த்துப் பையில் பிடிக்கிறோம். வாயு ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் காட்டும் அளவை நம்பலாமா?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்.

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். ரோட்டாமீட்டரின் அளவுக்கோடுகள் குறிப்பிட்ட வாயு, வெப்பநிலை, அழுத்தத்துக்கே பொருந்தும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே கருவி அங்கே வேறு கணக்குச் சொல்லும். உறுதியான வழி, செறிவு தெரிந்த வாயுவை மாதிரி நுழையும் வாயிலில் செலுத்துவதுதான். 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) கார்பன் மோனாக்சைடு செலுத்தினால் வெளியே 100 வர வேண்டும். 80 வந்தால், பத்து மடங்குக்கும் மேல் நீர்க்கிறது என்று பொருள்; பத்து மடங்கு என்றே கணக்கிட்டால் நாற்றம் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கில் ஏறும், ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய அநீதி. ஈரமும் தூசும் மாதிரி செல்லும் நுண்துளையை வேலையின் நடுவே அடைக்கக்கூடும் என்பதால், மாதிரி எடுத்த பின்னரும் இச்சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு என்பதால், வெளியேறுவதைக் குழாய் வழியே திறந்தவெளிக்கு விடுங்கள்.