படம் பார்த்துவிட்டு எழுத உட்காருவது: கடிதம்

அன்புள்ள சார்,

சிறுகதை எழுதுகிறேன். சில கதைகள் இணைய இதழ்களில் வந்திருக்கின்றன. கொஞ்ச காலமாக ஒன்றும் ஓடவில்லை. நல்ல படம் பார், இசை கேள், ஓவியம் பார், தானாக வரும் என்கிறார்கள் நண்பர்கள். தினமும் இரவில் ஒரு உலக சினிமா பார்க்கிறேன். முடிந்ததும் மனம் பொங்குகிறது. உடனே உட்கார்ந்தால் அந்தப் படத்தின் நகலாகத்தான் வருகிறது, அழித்துவிடுகிறேன். மற்ற கலைகளிலிருந்து எழுத்துக்கு என்னதான் எடுத்துக்கொள்ள முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த தினம் ஒரு படத்தை நிறுத்துங்கள். நேற்றைய படம் மனதில் ஊறுவதற்குள் இன்றைய படம் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உங்களுக்குப் பொங்குவது படம் தந்த கிளர்ச்சி. அதை வைத்து எழுதினால் நகல்தான் வரும், வேறென்ன வரும்?

ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியைப் பாருங்கள். அவருடைய நண்பர் விக்டர் ஹார்ட்மன், கட்டடக் கலைஞர், ஓவியரும்கூட, 1873இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய படைப்புகளை ஒரு நினைவுக் கண்காட்சியாக வைத்தார்கள். அதைப் பார்த்த முசோர்க்ஸ்கி அந்த ஜூன் மாதத்தில் மூன்று வாரத்துக்குள் பியானோவுக்காக ஒரு பெரிய படைப்பை எழுதி முடித்தார். 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' என்று இன்று உலகம் முழுக்க வாசிக்கிறார்களே, அதுதான்.

சரி, அந்த ஓவியங்கள் என்ன பெரிய காவியங்களா? கொட்டை உடைக்கிற குள்ள பொம்மைக்கு ஒரு வரைவு. முட்டை ஓட்டுக்குள் குழந்தைகள் நின்று ஆடுவதற்கான ஒரு பாலே உடை. சூனியக்காரக் கிழவியின் குடிசை வடிவத்தில் ஒரு கடிகாரம். கீவ் நகருக்கென்று வரைந்து, கடைசிவரை கட்டப்படாமலே போன ஒரு வாயில். இவற்றில் பல இன்று கிடைக்கவும் இல்லை. உலக சினிமாவின் உச்சங்களை மட்டும் தேடிப்போகிற நீங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றுக்கு நடுவில் அவர் வைத்த நடை. ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மனிதன் நடந்துபோகும் மெட்டு, ஐந்தும் ஆறுமாக மாறி மாறி விழும் தாளத்தில், சற்றுத் தடுமாறுகிற மாதிரி. அந்த நடையில் தெரிவது தன் முகம்தான் என்று நண்பர் ஸ்தாசோவுக்கு அவரே எழுதினார். நடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொஞ்சம் மாறியிருக்கும், பார்த்தது அவர் மேல் ஒட்டிக்கொண்ட மாதிரி. அப்புறம் பாரிஸின் நிலவறைக் கல்லறைகள். அந்தப் படத்தில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவர்களில் ஒருவர் ஹார்ட்மனே. அதுவரை படங்களுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த மெட்டு இங்கே படத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. செத்த நண்பனைப் பார்க்கப் போகிறான், அவ்வளவுதான். அது ஹார்ட்மன் வரைந்த படம் எதிலும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றவனிடம் இருந்தது.

நகல் பயத்தைப் பற்றி ஒன்று. ஓவியர் வான்கா 1889-90இல் பிரான்ஸின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, அவருக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மியேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளிலிருந்து எடுத்து வண்ணத்தில் வரைந்தார். ஒன்றிரண்டு இல்லை, இருபது போல. பீத்தோவனை ஒருவர் வாசித்தால் அதில் தன்னுடையதையும் சேர்க்கிறாரே, ஓவியன் மட்டும் ஏன் எப்போதும் சொந்தமாகவே செய்ய வேண்டும் என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் கேட்கிறார். தியாகராஜரைப் பாடுகிறவரை நகல் என்று நாம் யாரும் சொன்னதில்லை. கறுப்பு வெள்ளையில் இல்லாத நிறத்தை வான்காதான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது, அந்த வேலையில்தான் அவர் இருக்கிறார்.

சத்யஜித் ராயும் 'பதேர் பாஞ்சாலி'க்கு முதலில் கையில் தூரிகையோடுதான் வந்து சேர்ந்தார். அந்தப் படத்துக்கு மூலமான வங்க நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைகிற வேலை, நாற்பதுகளில். அப்போது வரைந்த சில படங்கள் 1955இல் வந்த சினிமாவில் காட்சிகளாகவே இருக்கின்றன.

ஆகவே அழிக்காதீர்கள். பார்த்ததில் உங்களை அதிகம் தொந்தரவு செய்த ஒரே படத்தை எடுத்து, ஒரே ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அப்படியே வார்த்தையில் எழுதிப் பாருங்கள். வராது. திரையில் ஒரு நொடியில் தெரிகிற அறைக்கு உங்களுக்கு ஒரு பத்தி வேண்டும், எந்தப் பொருளை முதலில் சொல்வது என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த இடத்தில் நின்று எழுதுங்கள். கதையாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை.

முசோர்க்ஸ்கியைக் கேட்பதாக இருந்தால் பியானோவில் கேளுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922இல் செய்த ஆர்கெஸ்ட்ரா வடிவம்தான் பிரபலம், பிரமாதமாகவும் இருக்கும், ஆனால் அந்தத் தடுமாற்றம் பியானோவில்தான் எனக்குச் சரியாகக் கேட்கிறது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அன்றைக்கு இரவு படம் வேண்டாம்.