அணைத்த பிறகும் மினுக்கும் எல்இடி பல்பு

தேவனாம்பட்டினம் நண்பருக்கு வணக்கம். மாடிப்படிக்குப் புதிதாகப் போட்ட எல்இடி பல்பு, ஸ்விட்சை அணைத்த பிறகும் மங்கலாக மினுக்குகிறது, பல்பை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். பல்பின் மேல் பழி போடாதீர்கள். ஸ்விட்சுக்கு, மின்சாரம் வரும் கம்பியான பேஸைக் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலைக் கொடுத்திருப்பார்கள் என்பதே என் முதல் சந்தேகம். அப்படியானால் அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பு மாற்றும்போது விரல் படாமல் போனது உங்கள் நல்ல காலம்.

ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பேஸை ஸ்விட்ச் வழியாக மாற்றச் சொல்லுங்கள். போர்டைத் திறக்கும் முன் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டெஸ்டர் பளிச்சென்று எரியவில்லையா? ஸ்விட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே போகும் சொற்ப மின்சாரமே எல்இடியை மினுக்க வைக்கும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போட்டால் நின்றுவிடும்.

போர்டைத் திறந்த கையோடு பித்தளைத் திருகுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர உப்புக்காற்றில் அது சகஜம். இணைப்பு தளர்ந்து சூடேறும்.