மனிதவளப் பிரிவில் இரண்டே பேர். புது மேலாளர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

இரண்டு நாள் வகுப்பு நடத்தி முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கேட்டதில் பாதி அடுத்த வாரமே மறந்துபோகும். மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு விஷயம் போதும்.

முதலில் எடுக்க வேண்டியது, குறையை நேரில் சொல்லும் பேச்சு. புது மேலாளர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். “கொஞ்சம் கவனமா இருங்க” என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. “செவ்வாய்க்கிழமை வர வேண்டிய அறிக்கை வியாழக்கிழமை வந்தது, என்ன ஆச்சு?” என்று கேட்டால் பேச்சு நகரும். இதை இருவர் இருவராக உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அப்புறம், எல்லாவற்றையும் மனிதவளப் பிரிவே சுமக்க வேண்டாம். ஒவ்வொரு புது மேலாளருக்கும் வேறு பிரிவிலிருந்து ஓர் அனுபவசாலியைத் துணையாகக் கொடுங்கள். தன் மேலதிகாரியிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்பார்கள். விடுப்பு, சம்பளம், புகார் நடைமுறைகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்.

கூகுளின் ‘ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்’ ஆய்வு, நல்ல மேலாளருக்கு உரியவை என்று முதலில் பட்டியலிட்ட எட்டு குணங்களில், நல்ல வழிகாட்டியாக இருப்பது முதலிடம். தொழில்நுட்பத் திறமை கடைசி. வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காகவே பதவி உயர்வு கொடுத்திருந்தால், அவருக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் தேவை.