முதுகில் ஊர்ப்பெயர் வேண்டாம், தம்பி

சியாட்டிலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் புல்லட் எடுத்தாயிற்று. அடுத்து நண்பர்களோடு சேர்ந்து ஒரே மாதிரி தோல் கோட்டு தைக்கப் போகிறீர்கள். "பைக்காரர்களைக் குறிவைத்து போலீஸ் மடக்கக் கூடாதுன்னு இங்கே சட்டமே இருக்காமே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் ரோட்டோரத்தில் அது உதவிக்கு வராது.

2014 கோடையில் ஈரோட்டுக்காரர்கள் ஐந்து பேர் கிளம்பினோம். கையில்லாத கோட்டு, முதுகில் மேலே குழுவின் பெயர், நடுவில் காங்கேயம் காளை, கீழே வளைவாக 'ஈரோடு'. எல்லாம் தமிழ் எழுத்தில். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மடக்கினார்கள். என்ன தப்பு என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. "எந்த கிளப்? இது என்ன மொழி? கீழே இருப்பது உங்கள் ஏரியாவா?" ஏரியாதான் ஐயா, ஆனால் அது காவிரிக் கரையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல? நாற்பது நிமிடம் நிற்க வைத்து, ஐந்து முதுகையும் படம் எடுத்துக்கொண்டு, அபராதச் சீட்டுகூட எழுதாமல் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மேலே பெயர், நடுவில் சின்னம், கீழே ஊர் என்று மூன்று துண்டாக ஒட்டினால் "இந்த இடம் எங்கள் கட்டுப்பாட்டில்" என்று அர்த்தமாம். பெரிய பைக்கர் கிளப்புகளின் வழக்கம் அது. போலீஸ் ரவுடிக் கும்பல் என்று நினைப்பது ஒரு பக்கம். அந்த கிளப்காரர்களே வம்புக்கு வருவது இன்னொரு பக்கம். எனக்குப் பின்னதுதான் அதிக பயம்.

நீங்கள் சொன்ன அந்தச் சட்டம் 2011-இல் கவர்னர் கிறிஸ்டின் கிரெகோயர் கையெழுத்திட்டது. அமெரிக்காவிலேயே இப்படி ஒரு சட்டம் போட்டதில் சியாட்டில் இருக்கும் இந்த வாஷிங்டன்தான் முதல் மாநிலம். பைக்கர்கள் தோல் உடுப்போடு மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவுக்குப் போய்ப் போய்ப் பேசி வாங்கியது. மேரிலாந்து 2016-இல்தான் பின்னால் வந்தது, லூயிசியானா 2019, ஐடஹோ 2020. பைக் ஓட்டுகிறார், அதற்கான உடுப்பு போட்டிருக்கிறார் என்பதை வைத்து ஒருவரை நிறுத்தவோ சோதிக்கவோ கூடாது என்கிறது. ஆனால் நடைமுறையில் அது கேட்பது இரண்டுதான்: போலீஸ் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடு, துறைக் கொள்கையில் இதைக் கண்டித்து ஒரு வரி சேர். மீறிய அதிகாரிக்குத் தனியாகத் தண்டனை எதுவும் அதில் இல்லை.

என்னைக் கேட்டால், அதைவிட 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் லாட்சன் வழக்கில் சொன்னது கனமானது. 1996-இல் ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதிகாரியின் மனதில் என்ன இருந்தாலும் சின்ன டிராபிக் மீறல் ஒன்று இருந்தால் நிறுத்தியது செல்லும் என்றது. வாஷிங்டன் நீதிமன்றமோ, மாநில அரசியலமைப்புப்படி, வேறு எதையோ துருவ நினைத்து ஒரு சின்ன மீறலைச் சாக்காக வைத்து நிறுத்துவது செல்லாது என்றது. ஆனால் இதெல்லாம் பிறகு வக்கீல் வைத்துப் பேச வேண்டிய பேச்சு. 2015-இல் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ ஊரில் பைக்கர்கள் கூடிய இடத்தில் ஒன்பது பேர் செத்த துப்பாக்கிச் சண்டையில் 177 பேரைப் பிடித்து, தலைக்குப் பத்து லட்சம் டாலர் பிணை கேட்டார்கள். 2019-க்குள் எல்லா வழக்கும் கைவிடப்பட்டது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதுவரை அவர்கள் பட்ட பாடு?

ஆகவே சாக்கு கொடுக்காதீர்கள். லைசென்சில் பைக்குக்கான எண்டோர்ஸ்மென்ட், அதாவது பைக் ஓட்டத் தனி அனுமதி, வாங்குங்கள், இன்சூரன்ஸ் போடுங்கள் (2019 முதல் இங்கே பைக்குக்கும் கட்டாயம்), ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சிக்னலில் இரண்டு வரிசைக்கு நடுவே புகுந்து முன்னால் போகிற நம்மூர் வித்தை கலிபோர்னியாவில் செல்லும், இங்கே செல்லாது.

மடக்கினால், ஊரில் செய்கிற மாதிரி வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அதிகாரியை நோக்கி நடக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கை ஹேண்டில்பாரில் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருங்கள். பேப்பர் எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். காசை நீட்டும் நினைப்பே வரக் கூடாது. விசா பயம் கேட்டீர்களே, வேகத்துக்கு விழும் அபராதம் ஒன்றும் செய்யாது. குடித்துவிட்டு ஓட்டினால்தான் விசாவே ரத்தாகலாம்.

கோட்டு வாங்குங்கள், முதுகு வெறுமையாக இருக்கட்டும். காளை நெஞ்சுப் பக்கம் சின்னதாக இருந்தால் போதும். எண்டோர்ஸ்மென்ட் வகுப்புக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள், வெயில் வந்தால் ஊரே வண்டி ஓட்டக் கிளம்பிவிடும்.